சாம்பல் ராஜாவுக்கு இருபது

மேஸ்திரி விமல்ராஜுக்கு வளவன் தரவேண்டியது நாற்பத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய். கையில் வாங்கினபோது அது முப்பதாயிரம். பெண்சாதி மணிமொழிக்குக் கர்ப்பப்பையை எடுத்தே ஆகணும் என்று டாக்டர் சொன்ன வாரத்தில் வாங்கினது. அப்புறம் வளவனுக்கும் முதுகு பிடித்துக்கொண்டது. மூட்டை தூக்குகிறவன் படுத்தால் கூலியும் கூடவே படுத்துக்கொள்ளும். வட்டி மட்டும் படுக்காது. கடனுக்கு ஈடாக மேஸ்திரி கையில் இருந்தது, தொண்டூரில் மணிமொழி பேருக்கு சர்க்கார் கொடுத்த மூணு சென்ட் மனையின் பட்டா. அந்த மனையில் கடைக்கால் எடுத்து, மேலே ரெண்டு வரிசை கல் வைத்ததோடு வீடு நின்றுபோயிருந்தது. பின்மூலையில் மணிமொழி ஒரு முருங்கைக் கொம்பை நட்டு வைத்திருந்தாள். வீடு எழும்பாவிட்டாலும் அது துளிர்த்துக்கொண்டுதான் இருந்தது.

வேலை, செஞ்சியிலிருந்து வல்லம் போகிற ரோட்டில் ஒரு நெல் மண்டியில். ஒரு டஜன் பேர் இருக்கிற செட்டு. எல்லாரும் கீழே நின்று மூட்டை ஏற்றுவார்கள். ஒருத்தன் மட்டும் லாரி மேலே நின்று வாங்கி அடுக்குவான். மேலே நிற்கிறவனுக்குக் கூலி கூட. அதனால் அதற்கு முறை வைத்திருந்தார்கள். இந்த லாரிக்கு இவன் என்றால் அடுத்த லாரிக்கு அவன். முறையைக் கூவுகிறது மேஸ்திரி வேலை.

சனிக்கிழமை கூலி பிரிக்கும்போது இன்னொரு வழக்கமும் உண்டு. தன் முறையில் ஏறி அடிபட்டுப் படுத்தவனுக்கும் ஒரு பங்கு போட்டு, நடுவில் விரித்த சாக்கு மேல் வைப்பார்கள். நடுப்பங்கு என்று பேர். அவன் எழுந்து வரும்வரைக்கும் வாராவாரம் அது விழுந்தாகணும். பக்கத்தில் நின்றேன், அவன் மூட்டையையும் சேர்த்துத் தூக்கினேன் என்று எவனும் அதில் கைவைக்க முடியாது. முறை தப்பி ஏறி விழுந்தவனுக்கு மட்டும் நடுப்பங்கு கிடையாது. அவன் அடுத்தவன் கூலிக்கு ஆசைப்பட்டவன். இதெல்லாம் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. வாய்ச்சொல்தான்.

லாரிக்குக் காத்துக் கிடக்கிற நேரத்துக்கு ஒரு ஆட்டம் இருந்தது. கொரோனாவுக்கு ஊரை அடைத்தபோது மேஸ்திரியின் மச்சினன் ரஞ்சித் செல்லில் பிடித்துக்கொண்டு வந்தது. நாலு பேர் ஆடுகிற செஸ். கூட்டல் குறி மாதிரி பலகை, நாலு பக்கமும் நாலு படை. கடைசி வரைக்கும் உயிரோடு இருக்கிறவன் ஜெயித்தான் என்று இல்லை. பாயிண்ட் கணக்கு. காய்க்குக் காய் வெட்டினால் அதற்கு இவ்வளவு, ராஜாவைக் கட்டிப்போட்டால் இருபது. நடுவில் ஒருத்தன் விட்டுவிட்டுப் போனாலோ, அவன் கடிகாரம் தீர்ந்துபோனாலோ, அவன் காயெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். ராஜா மட்டும் சாமி வந்தவன் மாதிரி தானாகவே ஒவ்வொரு கட்டமாக அலையும். அந்தச் சாம்பல் ராஜாவை எவன் வெட்டினாலும் அவனுக்கு இருபது. ரெண்டே பேர் மிச்சமாகி, அதில் ஒருத்தன் இருபத்தொண்ணு முன்னால் இருந்தால், ஒரு பட்டன் வரும். அதை அமுக்கினால் ஜெயம், ஆட்டம் முடிந்தது.

இந்தச் சாம்பல் ராஜா சட்டம் வளவனுக்கு ஆரம்பத்திலிருந்தே தொண்டையில் இறங்கவில்லை.

"போனவன் தலைக்கு எதுக்குடா இருபது? நீ இன்னா அவன ஓட்டி ஓட்டியா புடிச்ச? அவன் நெட்டு இல்லாம போனான். பக்கத்துல நின்னவனுக்கு சோறா?"

"ஆட்டம் செஞ்சவன்கிட்ட போய்க் கேளு," என்பான் ரஞ்சித்.

"பங்காளிக்கு மண்டியிலயும் நியாயம் வேணும், செல்லுலயும் நியாயம் வேணும்," என்று காமராஜ் சிரிப்பான். "அதான் கோமணத்துக்கு மேல ஒண்ணும் சேரல."

காமராஜும் வளவனும் ஒரே தெரு. ஒரே நாளில் செட்டுக்கு வந்தவர்கள். காமராஜ் அவ்வளவு பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனால் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கிளப்ப முடியாது.

மாசி அறுப்பு நேரம். மண்டியில் நெல் குவிந்து கிடந்தது, லாரிதான் வரவில்லை. கோட்டை மலைப் பாறை மத்தியானத்தில் கக்குகிற சூடு ரோடு வரைக்கும் வரும். கூரை நிழலில் எல்லாரும் மூட்டைமேல் சாய்ந்திருந்தார்கள். விமல்ராஜ் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான்:

"வளவா, வட்டி கேட்டுக் கேட்டு எனக்கே வாய் வலிக்குதுடா. பெரிய ஆட்டக்காரன்னு பேர் வாங்கிட்ட. ஒரே ஆட்டம் ஆடிப்புடலாமா? நீ ஜெயிச்சா கடன் மொத்தமும் தள்ளுபடி, பட்டாவ வாங்கினு போ. நான் ஜெயிச்சா மனை எனக்கு."

விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

செட்டில் மூத்தவர் பெரியதம்பி. அவர்தான் வாய் திறந்தார். "வேணாம்டா வளவா. பொம்பள பேர்ல இருக்கற மண்ணு அது. அத நீ எப்படிப் பந்தயம் கட்டுவ?"

வளவனுக்கும் அது தெரியும். ஆனால் அவன் வேறொன்றையும் பார்த்தான். இந்த முதுகை வைத்துக்கொண்டு அந்தக் கடனை அடைக்கப்போவதில்லை. இன்றைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த அறுப்புக்கு மனை போகத்தான் போகிறது. ஆடினால் திரும்பி வர ஒரு வழி இருக்கிறது. அந்த ஆட்டத்தில் அவன் அப்போது செட்டிலேயே பெரிய கை.

"ஆடலாம் மேஸ்திரி," என்றான்.

மற்ற ரெண்டு பேரை ஆளுக்கு ஒருத்தராக எடுப்பது என்று பேச்சு. விமல்ராஜ் ரஞ்சித்தை எடுத்தான். வளவன் காமராஜை எடுத்தான். அவனவன் செல்லை அவனவன்தான் தொடணும் என்பது இன்னொரு பேச்சு.

ஆட்டம் பாதிக்கு மேல் போனபோது வளவன் நன்றாக முன்னால் இருந்தான். அப்போது ரஞ்சித், காய் எல்லாம் கையில் இருக்கும்போதே, "நான் அவுட்டு," என்று விட்டுவிட்டான். அவன் படை சாம்பலாகியது. அவன் ராஜா விமல்ராஜின் ராணிக்குப் பக்கத்திலேயே நின்றது. விமல்ராஜ் அவசரமே இல்லாமல் அதை வெட்டினான். இருபது.

"இது இன்னா ஆட்டம்?" என்று வளவன் எழுந்துவிட்டான். "மச்சான் தலைய நீட்டுவான், மாமன் வெட்டுவானா?"

"சட்டத்துல இருக்குது," என்றான் விமல்ராஜ். "நீயும் உன் பங்காளிய நீட்டச் சொல்லு."

காமராஜ் செல்லிலிருந்து தலையெடுக்காமல், "நான் நீட்ட மாட்டேன் மேஸ்திரி. எம் பொண்டாட்டிக்கே நீட்டுனதில்ல," என்றான். நாலு பேர் சிரித்தார்கள். வளவன் உட்கார்ந்தான்.

அப்போது கணக்கு, வளவன் நாற்பத்தெட்டு, விமல்ராஜ் நாற்பத்தாறு. காமராஜ் கீழே எங்கேயோ. ஆனால் காமராஜின் யானைதான் நடுவில் நின்று விமல்ராஜை அடைத்துக்கொண்டு இருந்தது. அவன் உயிரோடு இருக்கிறவரை மூணு பேர். மூணு பேர் இருக்கிறவரை எவனுக்கும் பட்டன் வராது. விமல்ராஜ் ரெண்டு தரம் முட்டிப் பார்த்தான். யானை நகரவில்லை.

அந்த நேரத்தில் லாரி வந்தது. மற்றவர்கள் எழுந்து லாரிப் பக்கம் போய்விட்டார்கள்.

விமல்ராஜ் செல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "காமராஜ், ஏறு."

"எனக்கு இல்ல மேஸ்திரி. ரஞ்சித்து முறை."

"சொன்னா ஏறுடா. லாரிக்காரன் நிக்க மாட்டன்றான். முறைய நான் பாத்துக்கறேன்."

வளவன் நிமிர்ந்து பார்த்தான். ரஞ்சித் மூட்டையில் சாய்ந்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். முறை ரஞ்சித்துடையது என்று வளவனுக்கும் தெரியும். எதற்காகக் கூப்பிடுகிறான் என்றும் தெரியும். அவன் வாயைத் திறப்பதற்குள் காமராஜ் ஒரு காயை நகர்த்திவிட்டு, செல்லை மூட்டைமேல் வைத்து, தலைத்துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டான். மேஸ்திரி சொன்னால் ஏறித்தான் பழக்கம்.

"வந்துர்றேன் பங்காளி. யானைய ஒண்ணும் பண்ணமாட்டான். பயப்படாத."

வெளியே மூட்டை ஏற ஆரம்பித்தது. ஆடிக்கொண்டிருந்த ரெண்டு பேரும் பக்கத்திலேயே நின்ற ரஞ்சித்தும்தான் நிழலில். மூட்டைமேல் கிடந்த செல்லில் காமராஜின் கடிகாரம் இறங்கிக்கொண்டே இருந்தது. லாரி மேலே அடுக்கு ஆள் உயரத்துக்கு ஏறியபோது, அவன் அங்கிருந்து கத்தினான்:

"பங்காளி! என் நேரம் இருக்குதா?"

வளவன் தலையைத் தூக்கவில்லை. "தீந்துடுச்சு!" என்றான்.

"அடப் பாவி!"

காமராஜின் நீலப்படை சாம்பலாகியது. அவன் ராஜா ஒரு கட்டம் இந்தப் பக்கம், ஒரு கட்டம் அந்தப் பக்கம் என்று அலைய ஆரம்பித்தது. விமல்ராஜின் ராணிக்கு நேரே போயிருந்தால் அவன் வெட்டியிருப்பான். அது போகவில்லை. யாரும் தள்ளாமல் தானாகவே நகர்ந்து வளவனின் குதிரை பாய்கிற கட்டத்தில் வந்து நின்றது.

அந்த நொடியில்தான் வெளியே சத்தம் கேட்டது. மூட்டை விழுகிற சத்தத்தை வளவன் இருபது வருஷமாகக் கேட்கிறான். இது அது இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம். பிறகு, "ஐயோ, டேய்!" என்று பத்து வாய்.

விமல்ராஜ் செல்லைப் போட்டுவிட்டு ஓடினான். அவன்தான் முதலில் ஓடினான்.

வளவன் முறை. அவன் விரல் குதிரையைத் தூக்கி ராஜாமேல் வைத்தது. இருபது ஏறியது. அறுபத்தெட்டு. பட்டன் வந்தது. அதையும் அமுக்கினான். அப்புறம்தான் ஓடினான்.

காமராஜ் லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான். அடுக்கின ஓரத்தில் ஒரு மூட்டை சரிந்து, அதோடு பின்பக்கமாக வந்திருந்தான். கண் திறந்துதான் இருந்தது. "கால் எங்கடா?" என்று கேட்டான். காலை யாரோ பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இடுப்புக்குக் கீழே இனி வராது என்று அடுத்த நாளே சொல்லிவிட்டார்கள்.

ரெண்டு நாள் கழித்து செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் விமல்ராஜ் வளவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ரெண்டு டீ சொன்னான். சட்டைக்குள்ளிருந்து பட்டாவை எடுத்து வளவன் மடியில் வைத்தான்.

"நான் பேச்சு மாற மாட்டேன். நீ ஜெயிச்ச. கடன் தள்ளுபடி."

வளவன் அதைத் தொட்டான். மடித்த இடம் எல்லாம் பழுப்பாகியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு," என்றான் விமல்ராஜ். "அவன் தானாத்தான் ஏறினான். ரஞ்சித்து தூங்கினு இருந்தான், இவன் கூலிக்கு ஆசப்பட்டு ஏறிட்டான். பக்கத்துல இருந்தது நாம மூணு பேருதான். மண்டிக்காரரு கேட்டா, நான் முறை மாத்திக் கூப்ட்டேன்னு ஆச்சுன்னா, என்ன மேஸ்திரியா வெக்க மாட்டாரு. இன்னா சொல்ற?"

வளவன் கிளாசை எடுத்தான். டீயைக் குடித்தான். பட்டாவை மடித்து இடுப்பில் சொருகினான். விமல்ராஜுக்கு அது போதுமாக இருந்தது.

சனிக்கிழமை கூலி பிரிக்கும் இடத்துக்கு காமராஜின் பெண்சாதி காத்தாயி வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். தலையைக்கூட வாரவில்லை. நடுவில் சாக்கு விரித்திருந்தது. அதில் ஒன்றும் இல்லை.

"முறை தப்பி ஏறினவனுக்கு நடுப்பங்கு கிடையாது," என்றான் விமல்ராஜ். "நான் வெச்ச சட்டமா? உங்க மாமனாரு காலத்துல இருந்து இருக்குது."

"அவரு முறை தப்பி ஏற மாட்டாரு. நீங்கதான் கூப்ட்டீங்கன்றாரு."

"பங்குக்காகச் சொல்றாரு. நான் கூப்ட்டதக் கேட்டவன் யாரு?"

காத்தாயி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து வளவனிடம் நின்றாள். "தம்பி, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

"நான் செல்லப் பாத்துனு இருந்தேன் அண்ணி," என்றான் வளவன்.

அது பொய் இல்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

பெரியதம்பி எதையோ சொல்ல வந்து, காறித் துப்பிவிட்டுப் போனார். காத்தாயி வெறுங்கையோடு பஸ் ஏறினாள்.

வாரம் முழுக்க வளவன் வேலைக்குப் போனான். காமராஜோடு விழுந்த சும்மாட்டுத் துணி கூரைக் கம்பத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது. எடுக்கவும் ஆள் இல்லை, எடுத்து எறியவும் மனசு இல்லை. ஒரு நாள் சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது மணிமொழி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருந்தாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைக் களைந்தவள் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"புண்ணு வந்துடுச்சு முதுகுல," என்றாள். "காத்தாயி அக்கா தோட்ட வித்துட்டாங்க. காதுல வேப்பங்குச்சி சொருகினு இருக்காங்க."

வளவன் சட்டையைக் கழற்றினான்.

"பட்டா எப்படிய்யா வந்துச்சு?"

"கடன் தீந்துச்சுன்னு சொன்னேனே."

"எப்படித் தீந்துச்சு? அக்கா இன்னாமோ செல்லுல பந்தயம்ன்றாங்க."

சொல்லிவிடத்தான் போகிறோம் என்று அவனுக்குத் தெரிந்தது. சொன்னான். மேஸ்திரி சொன்னது, தான் சரி என்றது, ரஞ்சித் விட்டுப்போனது, முறை மாற்றிக் கூப்பிட்டது எல்லாம். சாம்பல் ராஜா தன் குதிரை பாய்கிற கட்டத்துக்கு வந்ததைச் சொல்லும்போது குரல் இறங்கியது.

"என் பேர்ல இருக்கற மண்ண எனக்குத் தெரியாம கட்டுன," என்றாள் மணிமொழி. திட்டுகிற மாதிரி இல்லை. ஊர்ஜிதம் செய்துகொள்கிற மாதிரி இருந்தது. "அத விடு. அவரு விழுந்த சத்தம் உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டுட்டுதான் அமுக்குனியா?"

"ஆமா."

"மேஸ்திரி?"

"அவன் ஓடிட்டான்."

மணிமொழி அரிசியை உலையில் போட்டாள். மூடி வைத்தாள். அன்றைக்கு அவள் அவனோடு சாப்பிடவில்லை.

விடிந்ததும் பட்டாவை அவளே எடுத்து அவன் சட்டைப் பையில் வைத்தாள். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சட்டையைக் கொடியில் மாட்டிவிட்டு வெளியே போய் சாணி தெளித்தாள். வளவன் அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். வேறு சட்டையும் இருந்தது. பட்டா இருந்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டான்.

அன்றைக்குச் சனிக்கிழமை. சாக்கு விரித்தாகிவிட்டது. பணம் எண்ணி வைக்கப்போகிற நேரத்தில் வளவன் பட்டாவை எடுத்து சாக்கு நடுவில் வைத்தான்.

"இன்னாடா இது?" என்றான் விமல்ராஜ்.

"அந்த லாரிக்கு முறை ரஞ்சித்து. காமராஜ் சொன்னான், எனக்கு இல்லன்னு. ஏறுன்னு கூப்ட்டது நீங்க. நான் காதால கேட்டேன்."

"செல்லப் பாத்துனு இருந்தேன்னு சொன்ன?"

"பாத்துனும் இருந்தேன். கேட்டுனும் இருந்தேன்."

ரஞ்சித் மேஸ்திரியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பெரியதம்பி அவன் முன்னால் போய் நின்றார். "தூங்கினியாடா அன்னிக்கு? உங்க அம்மா மேல சத்தியமா சொல்லு." ரஞ்சித் ஒரு அடி பின்னால் போனான். மூக்கை உறிஞ்சினான். அதுவே பதிலாகிவிட்டது.

"சரிடா நியாயஸ்தா," என்றான் விமல்ராஜ். முகம் கறுத்திருந்தது. "முறைய மாத்திக் கூப்ட்டேன். எதுக்கு? ஆட்டத்துக்கு. அந்த ஆட்டத்துல அவன் தலைய வெட்டி ஜெயிச்சவன் எவன்? நானா? நான் செல்லத் தூக்கிப் போட்டுட்டு ஓடுனேன். நீ உக்காந்து வெட்டுன."

செட்டு முழுக்க வளவனைப் பார்த்தது. இது அவர்களுக்குப் புதுசு.

"வெட்டுனேன்," என்றான் வளவன். "நடுவுல போனவன் பங்கு நடுவுல நிக்கணும். பக்கத்துல நின்னவனுக்கு வராது. அந்த இருபது எனக்கு இல்ல. எடுத்துட்டா நாப்பத்தெட்டு, நாப்பத்தாறு. ஆட்டம் முடியல. நான் ஜெயிக்கல."

"அப்ப கடன் நிக்குது."

"நிக்குது."

"திங்கக்கிழமை வெக்கணும். முழுசா. இல்லன்னா மனைய எழுதி விடு. இந்த செட்டுல உனக்கு இனிமே முறையும் கிடையாது, ஒரு மயிரும் கிடையாது."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவர்களுக்கும் விமல்ராஜிடம் கடன் இருந்தது. ஆனால் பெரியதம்பி மட்டும் குனிந்து, பட்டாவை எடுத்து வளவன் கையில் கொடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு பங்கை எண்ணி வைத்தார். அப்புறம் போன வாரத்துக்கும் ஒரு பங்கு. அதற்கு எல்லார் பங்கிலும் குறைந்தது. ஒருத்தன் முனகினான். குறையட்டும் என்று இன்னொருத்தன் சொன்னான். காமராஜின் சும்மாட்டுத் துணியைக் கம்பத்திலிருந்து எடுத்து அதில் பணத்தை முடிந்தார்கள். மண்டிக்காரர் விமல்ராஜைக் கூப்பிட்டு நாலு வார்த்தை வைதார். அறுப்பு நேரத்தில் வேறு மேஸ்திரிக்கு எங்கே போவது என்று அப்படியே விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வளவன் விழுப்புரம் போனான். காமராஜ் கவிழ்ந்து படுத்திருந்தான். முதுகுப் புண்ணுக்குக் காற்று படணும் என்று அப்படி வைத்திருந்தார்கள். வளவன் எல்லாவற்றையும் சொன்னான். பட்டன் அமுக்கினதையும் சொன்னான்.

காமராஜ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"யானை நின்னுச்சா கடைசி வரைக்கும்?" என்று கேட்டான்.

"நின்னுச்சு."

"போ பங்காளி. கொஞ்ச நாளைக்கு வராத."

திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவரிடம் போனார்கள். சர்க்கார் கொடுத்த மனையை விற்க முடியாது. அதனால் அனுபவத்துக்கு விட்டுவிட்டதாக ஒரு கைப்பத்திரம். மனையின் விலைக்கு அந்தக் கடன் பாதிகூட வராது. அதை யாரும் பேசவில்லை. மணிமொழி கையெழுத்துப் போட்டாள். பேரில் ஓரெழுத்தும் விடாமல் நிதானமாகப் போட்டாள். பட்டாவை விமல்ராஜிடம் நீட்டினாள்.

"கணக்கு தீந்துச்சு," என்றான் விமல்ராஜ். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகவில்லை அவள். தொண்டூர் பஸ்ஸில் ஏறினாள். வளவனும் பின்னாலேயே ஏறினான். மனைக்குப் போய் பின்மூலையில் உட்கார்ந்து, கையாலும் கல்லாலும் நோண்டி, முருங்கைக் கொம்பை வேரோடு எடுத்தாள். ஈர மண்ணை வேரில் அப்பி, முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். எங்கே நடப்போகிறாய் என்று வளவன் கேட்கவில்லை. அவர்கள் இருந்தது வாடகை வீடு. வாசலில் சிமெண்டு.

திரும்பி வரும் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட்டுக் காசு கிடையாது. கண்டக்டர் கொம்பைப் பார்த்தான்.

"அம்மா, இது இன்னா, மரமா? வழியில நீட்டினு இருக்குது பாரு. இதுக்கு லக்கேஜ் ஆவும்."

மணிமொழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வளவன் சட்டைப் பையில் கைவிட்டான். கடன் இல்லாத மனுஷனாக, தன் டிக்கெட்டு போக, அவன் கொடுத்த முதல் காசு அந்த லக்கேஜுக்குத்தான்.